தோலும் குரலும்: மும்பைத் தமிழர் இசையரங்கில் நந்தனார் கீர்த்தனை

முன்னுரை

தமிழ்க் கீர்த்தனை இலக்கியம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பாடலாசிரியர் வரலாறு, யாப்பு, இராக தாள அமைப்பு ஆகியவற்றை முன்னிறுத்துவன. ஒரு கீர்த்தனை எந்த அரங்கில், எவர் முன்னிலையில் பாடப்பெறுகிறது என்பதும் அதன் பொருளைத் தீர்மானிக்கும் கூறாகும். ஏட்டிலுள்ள பாடலை வாசகர் தனித்துப் பயில்கிறார். அரங்கில் ஒலிக்கும் பாடலுக்கோ அவை ஒன்று உண்டு. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை மும்பைத் தமிழரின் இசையரங்கில் ஒலிக்கும்போது அதன் பொருள் எவ்வாறு அமைகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அரங்கும் அதன் அயலும்

மும்பைத் தமிழரின் இசைவாழ்வில் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் சிறப்பிடம் உண்டு. மாட்டுங்காவை அடுத்த கிங்ஸ் சர்க்கிள் பகுதியில் அமைந்துள்ள ஸ்ரீ சண்முகானந்த சபா 1952ஆம் ஆண்டு தோன்றியது. அதன் பேரரங்கம் 1963இல் திறக்கப்பெற்றது. 1990இல் தீக்கு இரையாகி, மீண்டும் கட்டப்பெற்று 1998இல் செயற்படத் தொடங்கியது. இரண்டாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்டோர் அமரத்தக்க இவ்வரங்கம் நாட்டின் மிகப்பெரிய கலையரங்குகளுள் ஒன்று. செம்பூரில் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி இப்பணியை ஆற்றிவருகிறது. வீட்டில் தமிழ் பேசியும் பள்ளியில் பிறமொழி பயின்றும் வளரும் தலைமுறைக்கு, செவ்விய தமிழைச் செவியாற் கேட்கும் அரிய வாய்ப்புகளுள் கச்சேரியும் ஒன்று. இவ்வகையில் சபாக்களின் மொழிப்பணி குறைத்து மதிப்பிடத்தக்கதன்று.

இப்பேரரங்கிலிருந்து நடந்தே சென்றடையும் தொலைவில் தாராவி உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கித் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களும் ஆதிதிராவிடரும் இங்குக் குடியேறினர்; தோல் பதனிடும் தொழிலில் அவர்தம் உழைப்பு பெரும்பங்கு வகித்தது. பதனிடுதல் பெரிதும் வேறிடங்களுக்குப் பெயர்ந்துவிட்டபோதிலும், தோற்பொருள் செய்தல் இன்றும் தாராவியின் அடையாளத் தொழில்களுள் ஒன்றாக நிலைத்துள்ளது. ஒரே மொழி பேசும் இரு குடியிருப்புகள், இடையே இரயில் பாதை என்பதே இந்நிலப்பகுதியின் அமைப்பு.

நந்தனார்: மூன்று நிலைகள்

சேக்கிழாரின் பெரியபுராணம் திருநாளைப்போவாரை அறிமுகப்படுத்தும் முறை நுணுகி நோக்கத்தக்கது. ஆதனூரில் வாழ்ந்த அவர் கோயிற் பேரிகை முதலியவற்றுக்குப் போர்வைத்தோலும் விசிவாரும் கொடுத்தார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு அளித்தார். அதாவது, சேக்கிழார் காட்டும் நந்தனார் கோயிலிசையின் மூலப்பொருளை ஆக்கித் தருபவர். அவர் தந்த தோலின் ஒலி சென்றடைந்த இடத்துக்கு அவர் செல்ல இயலவில்லை என்னும் முரணிலேயே அப்புராணத்தின் அவலம் பிறக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரதியார் இக்கதையை வேறு வடிவில் வார்த்தார். பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் என்னும் ஆண்டை இங்கு வருகிறார். நந்தன் பண்ணையாளாகிறான், நாற்பது வேலி நிலத்தின் வேலை முடிந்தாலன்றித் தில்லை செல்ல விடையில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் அளிக்கத் தயங்கிப் பின்னர் இசைந்தமையை உ.வே.சாமிநாதையர் பதிவு செய்துள்ளார். மூலத்தினின்று விலகியது என்பது நூலின் குறையாகக் கருதப்பட்டது. ஆயினும் அவ்விலகலே உழைப்பவனுக்கும் நிலவுடைமையாளனுக்கும் உள்ள உறவைக் கீர்த்தனை இலக்கியத்தின் மையத்துக்குக் கொணர்ந்தது என்பது மறுக்கவியலாதது. அதே வேளையில், இசைக்கருவிக்குத் தோல் தந்த நந்தனார் பின்னுக்குச் சென்று, விடை வேண்டி நிற்கும் அடியார் முன்னுக்கு வந்தார்.

மூன்றாம் நிலை கச்சேரி மேடை. கதாகாலட்சேபத்துக்கென எழுந்த நூல் முழுமையாகப் பாடப்பெற்ற காலத்தில் ஆண்டையும் வயலும் அவையோர் கண்முன் நின்றனர். இருபதாம் நூற்றாண்டில் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் செப்பனிட்ட கச்சேரி முறை நிலைபெற்றபின், கதையினின்று பிரிந்த தனிப்பாடல்களே பெரிதும் எஞ்சின. அவையும் பெரும்பாலும் நிகழ்ச்சியின் பிற்பகுதியில் சில நிமிடங்களுக்குரிய உருப்படிகளாயின. மாஞ்சி இராகத்தில் அமைந்த ‘வருகலாமோ’ என்னும் கீர்த்தனை இதற்குத் தக்க சான்று. வாயிலுக்கு வெளியே நிற்கும் ஒருவர் உள்ளே வர விடை கேட்கும் பாடல் இது. கதைச்சூழல் நீங்கியபோது, கேட்பவர் யார், ஏன் கேட்க நேர்ந்தது என்பன மறைந்து, இறைவனை அணுகத் துடிக்கும் பொதுமை உருக்கம் மட்டும் எஞ்சுகிறது.

கேள்வியும் அவையும்

இவ்வுருக்கமே இசையின் பயன், சமூகப் பொருள் தேடுதல் சுவையைக் கெடுக்கும் என வாதிடுவோர் உளர். இவ்வாதம் பாடலின் சுவையையே குறைத்து மதிப்பிடுவதாகும். மாஞ்சியின் தயங்கிச் செல்லும் நடைக்கு இப்பாடலில் காரணம் உண்டு. கேட்பவருக்கு மறுமொழி ‘கூடாது’ என முன்னரே தெரியும், தெரிந்தும் கேட்கிறார். இதை அறியாதவர் இராகத்தின் அழகை நுகரலாம். தயக்கத்தின் காரணத்தை உணரார்.

மும்பை அரங்கில் இக்கேள்வி கூடுதல் கூர்மை பெறுகிறது. எந்தச் சபாவும் இன்று எவரையும் சாதி கேட்டு வாயிலில் நிறுத்துவதில்லை. எனினும் சந்தா, நுழைவுச்சீட்டு, இராகம் அறிந்து தலையசைக்கும் பயிற்சி, குடும்பவழிப் பழக்கம் ஆகியன எழுதப்படாத வாயில்களாக அமையக்கூடும். 1943இல் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கமும் அதையொட்டிய இயக்கமும் மேடையில் எம்மொழி ஒலிக்க வேண்டும் என்பதை வலுவாக வினவின. கீழே எவர் அமர்ந்திருக்கிறார் என்னும் வினா அத்துணை வலுவாக எழவில்லை. மொழியுரிமை வென்ற அரங்கிலும் அவையுரிமை தனித்தே பேசப்பட வேண்டியதாயிற்று.

அரங்கிற்குள் தோலின் உழைப்பு இல்லாமல் இல்லை. பாடகருக்கு வலப்புறம் ஒலிக்கும் மிருதங்கம் பசு, எருமை, ஆட்டுத் தோல்களால் ஆவது. பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் பர்லாந்து என்னும் கைவினைஞரின் நுண்ணறிவு இருந்தது. அவர் போன்ற மிருதங்கம் செய்வோரின் வரலாற்றை டி.எம்.கிருஷ்ணாவின் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்னும் நூல் 2020இல் வெளிக்கொணர்ந்தது. கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி எனப் பகுத்த தமிழ் மரபு பெயரிலேயே தோலை ஒளிக்காமல் வைத்தது. மேடை அறிவிப்பில் வாசிப்பவர் பெயர் மட்டுமே ஒலிக்கிறது. சேக்கிழார் பாட்டில் வைத்த உண்மையை அரங்கம் மறந்ததெனலாம்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. நந்தனார் கதை புராணம், சரித்திரம், கச்சேரி என இடம்பெயர்ந்தபோது இசைக்கு மூலப்பொருள் தந்தவர், விடை வேண்டும் உழவராகி, இறுதியில் பெயரற்ற பக்திக்குரலாகிறார். இச்சுருக்கம் பாடகரின் குறையன்று, வடிவத்தின் விளைவு. ஆகவே மாற்றமும் வடிவத்தில் தொடங்கலாம். சரித்திரத்தை முழுமையாகப் பாடும் காலட்சேப நிகழ்ச்சிகளை மீட்டெடுத்தல், அவற்றைச் சபா அரங்கோடு நிறுத்தாது தாராவியின் பள்ளிகளிலும் நிகழ்த்துதல், கருவி செய்தோர் பெயரை மேடையில் அறிவித்தல் ஆகியன எளிதில் இயல்வன. கீர்த்தனை இலக்கியம் கற்பிக்கும் தமிழ்த்துறைகள் பாடத்தோடு அவையையும் ஆய்வுப்பொருளாக்குதல் வேண்டும். ‘வருகலாமோ’ என்பது தில்லையை நோக்கி எழுந்த கேள்வி மட்டுமன்று. அப்பாடலைப் பாடி மகிழும் ஒவ்வோர் அவையும் விடையிறுக்கக் கடமைப்பட்ட கேள்வியுமாகும்.