கேசட் குரல்களைக் காக்க ஒரு வரிக் கட்டளை: எஃப்எஃப்எம்பெக்

கேசட்டிலிருந்து கணினிக்கு ஏற்றிய ஒலி பெரும்பாலும் வேவ் கோப்பாகத்தான் இருக்கும். சிடி தரத்தில், அதாவது 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோவில், ஒரு மணி நேரத்துக்கு 635 எம்பி. பத்து கேசட் ஏற்றினாலே போன் திணறும். கோப்பை மாற்றித் தரும் இணையதளங்களுக்குக் குறைவில்லை. ஆனால் தாத்தாவின் குரலை யாருடையது என்றே தெரியாத சர்வரில் எதற்காக ஏற்ற வேண்டும்? எஃப்எஃப்எம்பெக் அந்த வேலையை நம் கணினியிலேயே, இணையம் இல்லாமல், காசில்லாமல் முடித்துத் தருகிறது.

2000-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நிரலாளர் ஃபப்ரீஸ் பெலார் தொடங்கிய திறமூலத் திட்டம் இது. விஎல்சி பிளேயரும் இதன் நிரல் தொகுப்பைப் பயன்படுத்துகிறது. பெயரே கேள்விப்படாதவர்கள்கூட இதன் உழைப்பை அனுபவித்திருப்பார்கள்.

பட்டன், மெனு எதுவும் கிடையாது. டெர்மினலைத் திறந்து கருவியின் பெயர், ஹைஃபன் ஐ, பழைய கோப்பின் பெயர், புதிய கோப்பின் பெயர் என்று வரிசையாகத் தட்டினால் போதும். புதிய பெயரின் பின்னொட்டைப் பார்த்து எம்பி3-ஆ, ஃப்ளாக்கா, ஓபஸா என்று ஒலி வடிவத்தை அதுவே தீர்மானிக்கும். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் எம்பி3-க்கு 128 கேபிபிஎஸ் பிட்ரேட்டை (ஒரு நொடி ஒலிக்குச் செலவிடும் தரவின் அளவை) எடுத்துக்கொள்ளும். பாட்டுக்கு அது போதாது, 192 கொடுங்கள். புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான்: பிட்ரேட்டைப் புதிய கோப்பின் பெயருக்கு முன்னால் எழுத வேண்டும். பழைய பெயருக்கு முன்னால் எழுதினால் அது பழைய கோப்புக்கான குறிப்பாகிவிடும்.

என்னை முழுதாகக் கவர்ந்தது ஓபஸ். பழைய சொற்பொழிவு ஒன்றை ஒற்றைச் சேனலாக்கி 32 கேபிபிஎஸ்-இல் மாற்றினேன். அந்தக் கணக்கில் ஒரு மணி நேரப் பேச்சு ஏறத்தாழ 14 எம்பி-யில் அடங்கிவிடும். ஹெட்போனில் கேட்டபோது குரல் தெளிவாகவே இருந்தது. கேசட் இரைச்சல் மிகுந்த இடங்களில் மட்டும் சகர ஒலிகள் சற்றே கரகரத்தன. 48-க்கு உயர்த்தியதும் அதுவும் சரியாயிற்று. பேச்சு, பேட்டி, பாட்டி சொன்ன கதை எல்லாவற்றுக்கும் இதையே பரிந்துரைப்பேன்.

கச்சேரி வீடியோவிலிருந்து ஒலியை மட்டும் பிரிக்கும் வசதியையும் சொல்லியாக வேண்டும். ஒலியை மறுபடி சுருக்காமல் அப்படியே நகலெடு என்று சொல்லலாம். தரம் துளியும் குறையாது. நீண்ட கச்சேரிகூடச் சில நொடிகளில் பிரிந்து வந்துவிடுகிறது.

குறைகளும் உண்டு. ஒவ்வொரு முறையும் திரை நிறையச் செய்திகளைக் கொட்டும். எந்த வடிவம் எதுவாக மாறுகிறது என்று காட்டும் வரியைத் தேடிப் பிடிக்கப் பழக வேண்டும். எம்பி3-க்குள் பாட்டின் பெயரையும் பாடகர் பெயரையும் ஐடி3 2.4 பதிப்பில் எழுதுகிறது. பழைய பிளேயர்கள் சில அதைப் படிக்காது, 2.3 என்று நாம்தான் குறிப்பிட வேண்டும். இவற்றைவிடப் பெரிய குறை, எச்சரிக்காதது. எம்பி3-ஐ ஃப்ளாக்காக மாற்று என்றால் மறுபேச்சில்லாமல் மாற்றித் தரும். கோப்பு பெருக்குமே தவிர, எம்பி3 ஆனபோதே இழந்த ஒலி திரும்பாது. எம்பி3-இலிருந்து ஓபஸுக்குப் போனால் இழப்பின் மேல் இழப்பு.

ஆகவே மூல வேவ் கோப்பிலிருந்து முதலில் ஒரு ஃப்ளாக் பிரதி எடுங்கள். அதில் இழப்பே இல்லை, இடமும் கணிசமாகக் குறையும். போனுக்கும் காருக்கும் வேண்டிய சிறிய கோப்புகளை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பிரதியை முழுதாக ஒருமுறை கேட்டுப் பார்க்காமல் வேவ் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.