அறிவிப்புப் பலகையான இணையம்

சிங்கப்பூரின் இணையத் தமிழை ஆராய்வோர் பெரும்பாலும் 1995இல் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் கவிதைகள் இணையமேறிய நிகழ்விலேயே நின்றுவிடுகின்றனர். பெருமைக்குரிய தொடக்கந்தான். ஆயின் கோயில்களும் சங்கங்களும் தத்தம் தளங்களில் வெளியிட்ட குடமுழுக்கு, துணைப்பாட வகுப்பு, இரங்கற்கூட்ட அறிவிப்புகளின் மொழியை எவர் ஆராய்ந்தனர்? 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைத் தேசிய நூலகத்தின் மின்தளத்தில் நாம் இன்றும் புரட்டலாம். தலையங்கத்தினும் விளம்பரங்களே அக்காலச் சமூகத்தை நன்கு காட்டுகின்றன. சங்கத்தின் தளமோ முகவரிக் கட்டணம் செலுத்தப்படாத ஆண்டில் மறைந்துவிடும். 2019 சனவரி 31இல் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, '.எஸ்ஜி' என முடியும் தளங்களை நூலகம் எவர் அனுமதியுமின்றிச் சேமிக்கலாம். '.காம்' என முடிவனவற்றிற்கு உரிமையாளரின் இசைவு வேண்டும். செயலாளர் மாறி, கடவுச்சொல்லும் தொலைந்த சங்கத்தில் அவ்விசைவை நாம் யாரிடம் பெறுவது?