எழுந்து நிற்கச் செய்யும் வைத்தியம்

உயிரைக் காப்பாற்றிவிட்டால் வைத்தியத்தின் கடமை தீர்ந்தது என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றிவிட்டது. அதனால், பக்கவாதத்தில் வலப்புறம் செயலிழந்து, ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்து, மாத்திரைப் பொட்டலத்துடன் வீடு திரும்பும் ஒருவர், இனித் தம் கையாலேயே சோற்றைப் பிசைந்து உண்ண யார் வழிகாட்டுவார் என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. அக்கேள்விக்கு விடையாக நிற்பவர் இயன்முறை மருத்துவர். ஜனங்களின் வழக்கில் ‘பிசியோ’.

இத்துறையின் உண்மையான சக்தியை அறிய வேலூரைப் பார்ப்பது உத்தமம். 1946இல் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்னும் அறுவை நிபுணர், குஷ்டரோகத்தால் நரம்பு பழுதுபட்டு உள்ளே மடங்கிப்போன விரல்களை, வலிமை குன்றாத வேறொரு தசையின் நாணை மாற்றிப் பொருத்தி நிமிர்த்தும் சிகிச்சையால் கீர்த்தி பெற்றார். ஆனால் கத்தியின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு முன்பு, விறைத்த விரல் மூட்டுகளை இளஞ்சூட்டு மெழுகில் தோய்த்தும் நீவியும் இளகச் செய்ய வேண்டும். அதன் பின்பு, மாவுக்கட்டிலிருந்து வெளிவந்த கைக்கு, அதுகாறும் மணிக்கட்டை நிமிர்த்திவந்த தசை இனி விரல்களை ஆளவேண்டும் என்ற புதுப் பாடத்தைப் பொறுமையாகப் புகட்ட வேண்டும். ‘மணிக்கட்டைத் தூக்குவதாக நினையுங்கள்’ என்பார் சிகிச்சையாளர்; நோயாளி அவ்வாறே நினைக்க, அசைவது விரலாக இருக்கும். இந்தப் போதனை இல்லாவிட்டால் அறுவையின் பலனில் பெரும்பகுதி விரயமாகிவிடும். அதே கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் நேர்ந்த கார் விபத்தில் கால்கள் செயலிழந்த பின்னர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்ததோடு, மறுவாழ்வு மருத்துவம் பயின்று அங்கே அத்துறையையும் வளர்த்தெடுத்தார் என்பது இந்த ஊருக்குரிய மற்றொரு பெருமை.

வேலூர் காட்டும் பிரதான உண்மை, இச்சிகிச்சையில் பிரயாசை நோயாளியுடையது, அதை நெறிப்படுத்தும் ஞானமே சிகிச்சையாளருடையது என்பதுதான். இன்று நம் நகரத் தெருக்களில் காணும் கிளினிக்குகள் பலவற்றில் இந்த உண்மை தலைகீழாகிவிட்டது. திரைச்சீலைக்குப் பின்னால் குப்புறப் படுத்த மனிதரின் இடுப்பில் மின்பட்டைகளை ஒட்டி, கருவியை முடுக்கிவிட்டு, மணியடித்ததும் எடுத்துவிட்டு, ‘நாளைக்கு வாங்க’ என்று அனுப்புவதையே சிகிச்சை என்கிறார்கள். சாதாரண முதுகுவலிக்குப் பயிற்சியும் நடமாட்டமும் உதவுகின்றன என்பதற்கு ஆய்வுகளின் ஆதரவு உண்டு. அதே வலிக்கு அல்ட்ராசவுண்ட் கருவியால் பெரும்பயன் விளைகிறது என்பதற்கு அத்தகைய உறுதியான ஆதாரம் கிடையாது. பழியை முழுவதும் கிளினிக் நடத்துவோர்மீது சுமத்துவதும் நியாயமன்று. ‘கரண்ட் வைக்கவில்லையே, பிறகு எதற்குக் காசு?’ என்று கேட்பவர்கள் நாம்தாம். இன்ன பழுது, இன்ன நோக்கம் என்று விவரிக்காமல், சீட்டில் ‘பிசியோ’ என்று ஒற்றை வார்த்தை கிறுக்கி அனுப்பும் டாக்டர்களும் இதில் பங்காளிகளே.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, படுத்த படுக்கையாகக் கிடப்போரின் வீட்டு வாசலுக்கே இயன்முறைச் சிகிச்சையைக் கொண்டுசென்றது. இது மனமாரப் பாராட்டத்தக்க ஏற்பாடு. கட்டிலின் உயரம், கழிப்பறைப் படி, பிடித்துக்கொள்ளச் சுவர் உண்டா என்பனவற்றை ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு அறிய முடியாது. செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து நோயாளியைத் தூக்கினால் தோள்மூட்டு நழுவித் தீராத வலி உண்டாகலாம் என்பதை மருமகளுக்கு நேரில் செய்துகாட்ட வேண்டிய இடமும் வீடுதான். எனினும், பல கிராமங்கள் அடங்கிய ஒரு வட்டாரத்துக்குச் சிகிச்சையாளர் ஒருவர் என்ற அளவில் நடக்கும் ஏற்பாட்டில், அடுத்த வருகைக்குள் நாட்கள் பல ஓடிவிடுகின்றன. பக்கவாதத்தில் மிகுதியான முன்னேற்றம் நிகழ்வதோ முதற்சில மாதங்களில். வருகைகளின் எண்ணிக்கையைக் கொண்டு திட்டத்தை அளப்பதைவிட, எத்தனை பேர் தாமே எழுந்து கழிப்பறைக்குப் போகிறார்கள் என்று கணக்கெடுப்பது பொருத்தமாகும்.

இயன்முறை மருத்துவர்கள் தம் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று போட்டுக்கொள்ளலாமா என்ற விவாதத்தில் இரு தரப்பாரும் காட்டும் உத்வேகத்தை நான் அதிகம் மதிக்கவில்லை. துணைமருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021இலேயே நிறைவேறிவிட்டது. முறையான பட்டம் பெற்றவரையும், சில மாதப் பழக்கத்தில் பலகை மாட்டியவரையும் பிரித்துக் காட்டும் பதிவேடு ஜனங்களின் கைக்கு எட்டுவதே இப்போதைய அவசியம். அதுவரை வாசகர்கள் தாமே பரீட்சை செய்துகொள்ளலாம்: ஒரு வாரம் போன பிறகும், வீட்டில் செய்வதற்கு ஓர் அப்பியாசத்தைக்கூடச் சொல்லித்தராமல் கருவியை மட்டுமே வைத்து அனுப்பும் கிளினிக்கை விட்டு, தயங்காமல் வேறிடம் பாருங்கள்.