நாடாவில் ஒட்டியதை மேடையில் வாசித்தவர்கள்

1972 ஜூலையில் யெஸ் என்ற ராக் இசைக்குழுவினர் லண்டனின் அட்விஷன் ஸ்டூடியோவில் ‘குளோஸ் டு தி எட்ஜ்’ இசைத்தட்டின் வேலையை முடித்தார்கள். முடித்த கையோடு, டிரம்ஸ் வாசித்த பில் புரூஃபர்ட் விலகி ராபர்ட் ஃப்ரிப்பின் கிங் கிரிம்சனில் சேர்ந்துவிட்டார். அமெரிக்கப் பயணத்துக்கோ நாள் குறித்தாயிற்று. ஜான் லென்னனின் ‘இமேஜின்’ தட்டில் வாசித்திருந்த ஆலன் வைட் வந்து சேர்ந்தார். குழுவின் பாட்டுகள் முழுவதையும் பாடம் பண்ண அவருக்குக் கிடைத்தது மூன்று நாள் அவகாசம். ஜூலை 30 அன்று டல்லாஸில் முதல் கச்சேரி. புதிய தட்டு அப்போது கடைக்கே வரவில்லை, செப்டம்பரில்தான் வந்தது.

அந்தத் தட்டின் முதல் பக்கம் முழுவதையும் நிறைக்கும் தலைப்புப் பாட்டு பதினெட்டரை நிமிடத்துக்கு மேல் நீள்வது. ஒரே மூச்சில் வாசித்துப் பதிவானதல்ல அது. ஒரு பகுதியை யோசித்து, பழகி, பதிவுசெய்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போனார்கள். ஒலிப்பதிவாளர் எடி ஆஃபர்ட் நாடாவைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி முழு உருவத்தைக் கொண்டுவந்தார். அப்படிப் பிறந்த ஒன்றை, புதிதாக வந்த ஒருவரைத் தாளத்துக்கு உட்காரவைத்து, ஆயிரக்கணக்கானோர் முன்னால் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நிறுத்தாமல் வாசிக்கவேண்டும். புரோகிரஸிவ் ராக் என்ற இசைவகையின் மேடைப் பதிவுகளுக்கு உள்ள தனி மதிப்பு இந்த நெருக்கடியில்தான் தொடங்குகிறது. மற்ற ராக் குழுக்களுக்கு மேடைதான் தாய்வீடு, ஸ்டூடியோவுக்கு அங்கிருந்துதான் போனார்கள். இவர்களில் பலர் ஸ்டூடியோவில் கட்டியதை மேடைக்குத் தூக்கிவந்தவர்கள். தூக்கிவரும்போது எது உடைந்தது, எது வளர்ந்தது என்பதற்கு 1971 முதல் 1978 வரை வெளியான மேடைத் தட்டுகளே சான்று. அவற்றில் முதலிடம் 1973 மே மாதம் வந்த ‘யெஸ்ஸாங்ஸ்’ என்ற மூன்று தட்டுத் தொகுப்புக்கு என்பது என் முடிவு. ஒலித்துல்லியத்தை அளவுகோலாக வைத்தால் இந்த முடிவு செல்லாது. அந்த அளவுகோலே தவறு என்று வாதிடவே இதை எழுதுகிறேன்.

கருவிகளின் நிலையையும் முதலில் சொல்லவேண்டும். மெல்லட்ரான் என்ற கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்குப் பின்னாலும் ஒரு காந்தநாடாத் துண்டு இருக்கும். கட்டையை அழுத்தினால், அதில் முன்பே பதிந்த வயலின் கூட்டமோ பாடற்குழுவோ சுமார் எட்டு வினாடி ஒலிக்கும். பிறகு விரலை எடுத்து நாடாவைப் பின்னுக்குப் போகவிட வேண்டும். மின்னழுத்தம் கொஞ்சம் தாழ்ந்தால் சுருதி இறங்கிவிடும். மூக் சிந்தசைசரோ மேடை விளக்குகளின் சூட்டிலேயே சுருதி நழுவும். இவற்றை லாரியில் ஏற்றி, ஊர் ஊராக இறக்கி, இரவுக்கு இரவு வாசித்தார்கள்.

முதல் பெரிய மேடைத் தட்டு எமர்சன், லேக் அண்ட் பாமர் மூவரும் 1971 மார்ச் 26 அன்று இங்கிலாந்தின் நியூகாஸில் சிட்டி ஹாலில் பதிவுசெய்த ‘பிக்சர்ஸ் அட் அன் எக்ஸிபிஷன்’. ரஷ்ய இசையமைப்பாளர் முசார்க்ஸ்கி 1874இல் பியானோவுக்கு எழுதிய தொகுதியை ராக் கருவிகளுக்கு மாற்றிய முயற்சி இது. அந்த அரங்கிலேயே நிலையாக இருக்கும் குழாய் ஆர்கனில் கீத் எமர்சன் தொடக்கப் பகுதியை வாசிக்கிறார். அங்கிருந்து இறங்கித் தன் கருவிகளிடம் அவர் வந்துசேரும் இடைவெளியைக் கார்ல் பாமரின் டிரம்ஸ் உருட்டல் நிரப்புகிறது. கேட்பவர் காதால் அந்த நடையைப் பார்த்துவிடலாம். இந்தப் படைப்புக்கு முந்தைய ஸ்டூடியோ வடிவம் கிடையாது, மேடையே மூலப்பிரதி. அதனாலேயே இது துணிச்சலாக இருக்கிறது, அதனாலேயே என் வாதத்துக்குப் பாதிதான் உதவுகிறது. ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் இன்னொரு பிரதி இல்லை.

யெஸ்ஸாங்ஸில் ஒப்பிட நிறைய இருக்கிறது. 1972 பிப்ரவரியிலிருந்து டிசம்பர்வரை பல ஊர்களில் பதிவான கச்சேரிகளிலிருந்து எடுத்தது இது, ஏறத்தாழ இரண்டு மணி பத்து நிமிடம் ஓடும். ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘ஃபயர்பேர்ட்’ நிறைவுப் பகுதி ஒலிபெருக்கியில் உயர, அதைத் தொடர்ந்து ஸ்டீவ் ஹௌவின் கிதார் ‘சைபீரியன் காட்ரு’வைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு பாட்டுகளில் மட்டும் பழைய டிரம்ஸ்காரர் புரூஃபர்டைக் கேட்கலாம், மற்றவற்றில் வைட். ஒரே தொகுப்பில் ஒரே குழுவின் இரண்டு தாளமனங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. புரூஃபர்டின் அடி கூர்மையானது. எதிர்பார்க்கும் இடத்துக்குச் சற்று முன்போ பின்போ விழுந்து, மற்ற நால்வரையும் உஷார்ப்படுத்தும். வைட்டின் அடி கனமானது. அவர் கணக்கைக் காட்டுவதில்லை. பாட்டைத் தோளில் தூக்கி ஓடுகிறார். மூன்று நாளில் பாடம் பண்ணியவர், சில மாதங்களுக்குள் ‘குளோஸ் டு தி எட்ஜ்’ போன்ற ஒன்றை இப்படி ஓட்டுவதை இன்றும் வியப்போடுதான் கேட்கிறேன்.

‘பெர்பெச்சுவல் சேஞ்ச்’ பாட்டை எடுத்துக்கொள்வோம். 1971இல் வந்த ஸ்டூடியோ வடிவம் ஒன்பது நிமிடத்துக்குள் முடிகிறது. அதன் நடுவில், ஒரு காதில் ஒரு தாளக்கட்டும் மறு காதில் வேறொன்றுமாக, முழுக் குழுவும் இரண்டாகப் பிரிந்து மோதும் இடம் ஒன்று உண்டு. ஒரே குழுவை இருமுறை பதிந்து ஒன்றன்மேல் ஒன்று வைத்த வேலை அது. மேடையில் ஐவர் பத்துப் பேராக முடியாது. யெஸ்ஸாங்ஸில் அந்தப் பாட்டு பதினான்கு நிமிடத்தைத் தொடுகிறது. வளர்ந்த நேரத்தை ஹௌவின் நீண்ட கிதார்ப் பயணமும் புரூஃபர்டின் தனியும் எடுத்துக்கொள்கின்றன. நாடா கொடுத்த வித்தையை இழந்ததற்கு ஈடாக, அதே கருவிலிருந்து வேறு கிளைகள் விட்டிருக்கிறார்கள். ஒரே கீர்த்தனையை வெவ்வேறு கச்சேரிகளில் கேட்டு, நிரவல் எங்கே திரும்பியது, தனி எப்படி முடிந்தது என்று பேசிக்கொண்டே வீடு திரும்பும் ரசிகருக்கு இந்தப் பதிவின் சுவையை விளக்கவே வேண்டியதில்லை.

இன்னும் அழுத்தமான சான்று கடைசிப் பாட்டான ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்’. அதன் இறுதிப் பகுதி மூன்றே சுரக்கூட்டுகளின் சுழற்சி, திரும்பத் திரும்ப வந்து ஏறிக்கொண்டே போகும். ஸ்டூடியோவில் அந்த ஏற்றத்துக்கு முடிவே எழுதவில்லை. ஒலியை மெல்லக் குறைத்து மறையவிட்டார்கள். மேடையில் அப்படி மறைய வழியில்லை, வாசிப்பவர்கள் ஓர் இடத்தில் நிறுத்தியாக வேண்டும். அந்தக் கட்டாயம் பாட்டுக்கு ஒரு முடிவைக் கொடுத்தது. ரிக் வேக்மனின் மூக் சிந்தசைசரும் ஹௌவின் கிதாரும் ஒன்றையொன்று துரத்தி ஏறி, கிறிஸ் ஸ்குவயரின் ரிக்கன்பேக்கர் பேஸ் அடியில் உறும, கூட்டத்தோடு சேர்ந்து முடிக்கிறார்கள். இந்தப் பாட்டும், ‘பெர்பெச்சுவல் சேஞ்ச்’ உள்ளிட்ட வேறு மூன்றும் ‘தி யெஸ் ஆல்பம்’ தட்டிலிருந்து வந்தவை. அந்தத் தட்டில் கீபோர்டு வாசித்தவர் டோனி கே. ஆர்கனையும் பியானோவையும் நம்பியவர் அவர். அவருக்குப் பின் வந்த வேக்மன் மெல்லட்ரானும் மூக் சிந்தசைசரும் கொண்டு அதே பாட்டுகளுக்கு வேறு வானத்தைக் கொடுத்தார். ‘யுவர்ஸ் இஸ் நோ டிஸ்கிரேஸ்’ பத்து நிமிடத்திலிருந்து பதினான்குக்கும் மேல் நீள்கிறது. அதில் ஹௌ வாசிக்கும் தனி, ஜாஸும் கிராமிய நடையும் ராக்கின் கடுமையும் ஒரே வாக்கியத்தில் வந்துபோவது. அவர் வாசிப்பில் எனக்கு இதுவே உச்சம். இந்தப் பாட்டுக்கு நான் இன்று ஸ்டூடியோ வடிவத்தைத் தேடுவதே இல்லை.

குறைகளும் இருக்கின்றன. ஒலி மங்கல். சிம்பலின் ஓசை தூசி படிந்த மாதிரி கேட்கிறது, ஜான் ஆண்டர்சனின் குரல் சில இடங்களில் கருவிகளுக்குள் அமிழ்ந்துபோகிறது. ‘தி சிக்ஸ் வைவ்ஸ் ஆஃப் ஹென்றி தி எய்த்’ என்ற வேக்மனின் சொந்தத் தட்டிலிருந்து வாசிக்கும் பகுதி விரல்வேகத்தைத் தாண்டி எதையும் சொல்வதில்லை. மூன்று தட்டுகள் என்பதே அகங்காரம் என்று அன்று எழுதியவர்களும் உண்டு. நீளம்தான் இங்கே வாதம் என்று அவர்களுக்குப் பதில் சொல்வேன். ரோஜர் டீன் வரைந்த மடிப்பு அட்டையைப் பிரித்து வைத்தால், யெஸ்ஸின் முந்தைய தட்டான ‘ஃப்ராஜில்’ அட்டையில் உடைந்த சிறு கோளின் துண்டுகள் வெளியில் மிதந்து புதிய உலகம் ஒன்றில் இறங்கி முளைக்கும் கதை, படம் படமாக விரிகிறது. உள்ளே இருக்கும் இசைக்கும் அது பொருந்தி வருகிறது.

யெஸ்ஸை விட்டுப் போன புரூஃபர்ட் தேடியது இதற்கு அடுத்த படி. எழுதியதை மேடையில் வளர்ப்பது அவருக்குப் போதவில்லை, மேடையிலேயே எழுத விரும்பினார். கிங் கிரிம்சனுக்கு அதில் ஏற்கெனவே பயிற்சி உண்டு. 1972இல் ‘எர்த்பவுண்ட்’ தட்டைச் சாதாரணக் கேசட்டில் பதிந்து அப்படியே வெளியிட்டவர்கள் அவர்கள். ஒலி அவ்வளவு கரடாக இருந்ததால் அமெரிக்காவில் அதை வெளியிட நிறுவனமே மறுத்தது. 1974இல் வந்த ‘ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்’ வெளித்தோற்றத்துக்கு ஸ்டூடியோத் தட்டு. உண்மையில் அதன் பெரும்பகுதி கச்சேரிகளில் பதிவானது, கைதட்டலை மட்டும் நீக்கிவிட்டார்கள். ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கபௌ அரங்கில் 1973 நவம்பர் 23 அன்று அங்கேயே உருவான ‘ட்ரையோ’ என்ற பகுதி அதில் இருக்கிறது. டேவிட் கிராஸின் வயலின், ஃப்ரிப்பின் மெல்லட்ரான், ஜான் வெட்டனின் பேஸ், அவ்வளவுதான். புரூஃபர்ட் குச்சிகளைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை ஓர் அடிகூட அடிக்கவில்லை. இருந்தும் அந்தப் படைப்பை ஆக்கியவர்களில் ஒருவராக அவர் பெயரையும் போட்டார்கள். அடிக்காமல் இருக்க எடுத்த முடிவையும் இசையாக மதித்த குழு அது. அந்தக் குழு கலைந்தபின் 1975இல் வந்த ‘யுஎஸ்ஏ’யும் வலிமையான தட்டுதான். ஆனால் கிராஸின் வயலின் இருந்த சில இடங்களில் எடி ஜாப்சனை வைத்துப் பின்னால் ஸ்டூடியோவில் வாசித்துச் சேர்த்தார்கள். அந்த இரவுகளில் அரங்கில் நடந்த உரையாடலில், அங்கே இல்லாத ஒருவர் பதில் சொல்கிறார். அது எனக்கு உறுத்துகிறது. 1992இல் நான்கு குறுந்தட்டுகளாக வந்த ‘தி கிரேட் டிசீவர்’ தொகுப்பில்தான் அந்தக் குழுவின் மேடை முகம் பூரணமாகத் தெரிந்தது.

அதே புரூஃபர்ட் மூன்றாவது குழு ஒன்றின் மேடைத் தட்டிலும் இருக்கிறார். ஜெனிசிஸின் ‘செகண்ட்ஸ் அவுட்’ 1977இல் வந்தது. பெரும்பாலும் அந்த ஆண்டு ஜூனில் பாரிஸின் பாலே தெ ஸ்போரில் பதிவானது. 1976 பயணத்திலிருந்து எடுத்த ‘தி சினிமா ஷோ’வில் மட்டும் அவர் வாசிப்பு. பீட்டர் கேப்ரியல் 1975இல் விலகியபின், டிரம்ஸ் வாசித்துவந்த பில் காலின்ஸ் முன்னால் வந்து பாடத் தொடங்கியிருந்தார். ஒலித்தெளிவில் யெஸ்ஸாங்ஸ் இதன் பக்கத்தில்கூட வர முடியாது. ஒவ்வொரு கருவியும் தனித்தனியாகத் துலங்குகிறது. இருபத்துநான்கு நிமிடத்துக்கு மேல் போகும் ‘சப்பர்ஸ் ரெடி’ முழுமையாக இருக்கிறது. 1973இல் வந்த ‘ஜெனிசிஸ் லைவ்’ தட்டின் அட்டைப்படத்தில் அந்தப் பாட்டுக்கான முகமூடியோடு கேப்ரியல் நின்றார், தட்டுக்குள் பாட்டு இல்லை. அந்தக் குறை இங்கே தீர்கிறது. 9/8 தாளத்தில் வரும் இறுதிப்போர்ப் பகுதியில் காலின்ஸும் செஸ்டர் தாம்ப்ஸனும் இரட்டை டிரம்ஸாகச் சேரும்போது உடம்பு சிலிர்க்கும். ஆனாலும் பெரும்பாலான பாட்டுகளில் ஸ்டூடியோவில் எழுதியதை அழகாகத் திருப்பிச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்தத் தட்டை நேசிக்கிறேன், நல்ல நண்பர் வீட்டுக்குப் போவதுபோல அடிக்கடி போகிறேன். அங்கே எதிர்பாராதது நடக்காது என்பதும் தெரியும். இந்தத் தட்டின் ஒலிக்கலவை நடந்துகொண்டிருந்தபோதே கிதார்க்காரர் ஸ்டீவ் ஹேக்கெட் குழுவை விட்டுப் போய்விட்டார்.

அதே 1977இல் வந்த ஜென்டில் ஜயண்டின் ‘பிளேயிங் தி ஃபூல்’ இன்னும் பரவலாகக் கேட்கப்பட வேண்டியது. பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்து பின்னும் ‘ஆன் ரிஃப்ளெக்‌ஷன்’ பாட்டை, மேடையில் முதலில் கருவிகளால் மட்டும் மென்மையாக வாசித்து, அதன்பிறகே குரல்களுக்கு வழிவிடுகிறார்கள். ஸ்டூடியோத் தட்டில் தொடக்கமே குரல்தான். வரிசையை மாற்றியதில் புதிய பாட்டே கிடைத்துவிட்டது. கனடாவின் ரஷ் மூவர் 1976 ஜூனில் டொரண்டோவின் மாஸி ஹாலில் பதிந்த ‘ஆல் தி வேர்ல்ட்ஸ் எ ஸ்டேஜ்’ சொந்த ஊர்க் கூட்டத்தின் ஆரவாரத்தோடு கேட்கவேண்டியது. அதைத் தாண்டி அதில் எனக்குச் சொல்ல அதிகமில்லை.

வான் டெர் கிராஃப் ஜெனரேட்டரின் ‘வைட்டல்’ வேறு சாதி. 1978 ஜனவரியில் லண்டனின் சிறிய மார்க்கி கிளப்பில் பதிவானது. ஆர்கன்காரர் விலகியிருந்தார், அந்த இடத்தை வயலினும் செல்லோவும் பீட்டர் ஹேமிலின் முரட்டு மின்கிதாரும் நிரப்பின. வெளியே பங்க் ராக் இளைஞர்கள் இந்த இசைவகையையே புதைத்துவிட்டதாக அறிவித்துக்கொண்டிருந்த நாட்கள். அவர்களைவிட ஆவேசமாகப் பழைய பாட்டுகளைக் கிழித்துத் தைத்தார் ஹேமில். ஒலி மோசம்தான். யெஸ்ஸாங்ஸை ஒலிக்காகக் குறைசொல்பவர்கள் இதை இரண்டு நிமிடம் தாங்கமாட்டார்கள். பதிவு வெளியான வேளையில் குழுவே கலைந்துவிட்டது.

யெஸ்ஸாங்ஸுக்கு மூலமான கச்சேரிகளில் சில 2015இல் ‘ப்ராஜெனி’ என்ற பெயரில் பதினான்கு குறுந்தட்டுகளாக வந்தன. 1972 அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர்வரை வட அமெரிக்காவில் வாசித்த ஏழு இரவுகள், ஏறக்குறைய ஒரே பாட்டுவரிசை. ஒலி தெளிவாகியிருக்கிறது, ஸ்குவயரின் விரல் நரம்பில் படுவதுகூடக் கேட்கிறது. ஒரே பாட்டை ஏழு முறை கேட்பது அலுப்பு என்று நினைப்பவர்கள் ‘யுவர்ஸ் இஸ் நோ டிஸ்கிரேஸ்’ ஒன்றை மட்டும் ஏழு இரவும் தொடர்ந்து கேட்கட்டும். ஹௌவின் தனி ஒவ்வோர் இரவும் வேறு வாசலில் நுழைகிறது. அவர் எங்கே போகிறார் என்று வைட் காத்திருக்கிறார், கண்டுபிடித்ததும் சேர்ந்துகொள்கிறார்.