கல்வெட்டுப் பாடமும் சொல்லடைவும்: திருப்பதித் தொகுதிகளை முன்வைத்து ஒரு மதிப்பீடு

திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் கல்வெட்டுகள் குறித்துச் சாது சுப்பிரமணிய சாஸ்திரி எழுதிய அறிக்கை 1930இலும், அவர் பதிப்பித்த முதல் தொகுதி 1931இலும் வெளிவந்தன. இத்தொகுதிகளில் அடங்கிய சாசனங்களுள் பெரும்பான்மையானவை தமிழில் அமைந்தவை. இத்தகைய பாடங்களை வெற்றுரைக் கோப்பாகத் தட்டெழுதி, அதினின்று அச்சுக்கோப்பை உருவாக்குவது இன்றைய நடைமுறை. அவ்வாறு மாற்றும்போதே சொல்லடைவையும் இயந்திரம் தொகுத்துவிடும் என்னும் நம்பிக்கை எவ்வளவு பொருந்தும் என்பது ஆராய்தற்குரியது.

புறநானூற்றுக்கு வ. அய். சுப்பிரமணியம் 1962இல் வெளியிட்ட அடைவு, சொல் வடிவங்களை இலக்கணக் குறிப்போடு தருவது. ந. சுப்பிரமணியனின் 1966ஆம் ஆண்டு அடைவோ, சொல்லோடு பொருளையும் செய்தியையும் விளக்குவது. முன்னதன் பணியில் ஒரு பகுதியைக் கணினி செய்யக்கூடும். பின்னதன் பணி பதிப்பாசிரியனுடையது.

இவ்வேறுபாட்டை ஒரு சான்று தெளிவாக்கும். நிவேதனத்திற்குப் பொருள் அளித்தவருக்குப் பிரசாதத்தில் உரிய பங்கைத் திருமலைச் சாசனங்கள் ‘விட்டவன் விழுக்காடு’ என்கின்றன. சொற்களை இடைவெளியால் மட்டும் பிரிக்கும் நிரல் இத்தொடரை இரண்டாக உடைத்து, ‘விட்டவன்’ என்பதை வகரத்தில் ஒரு பொது வினைப்பெயராகவே சேர்க்கும். ‘விழுக்காட்டுக்கு’ என வேற்றுமை ஏற்ற வடிவம் ‘விழுக்காடு’ என்னும் தலைச்சொல்லின்கீழ் வராது. மேலும், இக்காலத் தமிழில் விழுக்காடு நூற்றுக்கு இத்தனை என்னும் கணக்கைக் குறிப்பதால், அடைவை மட்டும் நம்பும் மொழிபெயர்ப்பாளர் பங்கைச் சதவீதமாக்கிப் பிழை செய்ய இடமுண்டு. ஆகவே தொடரை ஒரே தலைச்சொல்லாகக் கொண்டு, கோப்பிலேயே குறியிட்டுப் பொருளையும் சுட்டுதல் வேண்டும்.

அகரவரிசையும் கருதத்தக்கது. யூனிகோடு எண்வரிசையில் ளகரமும் ழகரமும் வகரத்திற்கு முன் நிற்கின்றன. தமிழ் நெடுங்கணக்கில் வகரம், ழகரம், ளகரம் என்பதே முறை. எண்வரிசையை அப்படியே பின்பற்றும் அடைவில், நிவேதன அளவைக் கூறும் ‘நாழி’ என்னும் சொல் ‘நாள்’ என்பதற்குப் பின் வந்துவிடும். டெக் அச்சுக்கோப்பு முறையோடு வழங்கும் மேக்இண்டெக்ஸ் நிரலில், அச்சில் தோன்றும் வடிவம் வேறாகவும் வரிசைப்படுத்தும் திறவு வேறாகவும் தர வழியுண்டு. இவ்வசதி பயன்படாதொழியின் குறை கருவியினுடையதன்று.

பக்க எண் சுட்டுதலும் போதாது. மறுபதிப்பில் பக்கம் மாறும். தொகுதி எண்ணும் சாசன எண்ணும் மாறா. எனவே சுட்டு சாசன எண்ணைப் பற்றி நிற்பதே ஏற்புடையது. இடப்பெயர்களுக்கும் இணைச்சுட்டு இன்றியமையாதது. 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டத்திலிருந்து 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமாயிற்று. முன்னைய ஆய்வு நூல்கள் திருமலையைச் சித்தூர் மாவட்டத்தில் வைத்தே கூறும். அடைவு இரண்டையும் இணைக்காவிடின் தேடுவோர் பாதிச் செய்தியையே பெறுவர். பல்லவ குலத்துச் சாமவை ‘காடவன் பெருந்தேவி’ என்னும் சிறப்புப் பெயராலும் அறியப்படுவதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ‘காண்க’ எனச் சுட்டுதல் இவ்வகையினதே.

வரிசையமைத்தலும் எண் திரட்டலும் இயந்திரத்தின் வேலை. எது தலைச்சொல், எங்குத் தொடர் முடிகிறது, எப்பொருளில் வழங்குகிறது என்பன பதிப்பாசிரியன் தீர்மானிக்க வேண்டியவை. கோப்பை அச்சுக்கு மாற்றுமுன் இத்தீர்மானங்களைக் குறியிட்டு வைத்தால் அவை ஒவ்வொரு பதிப்பிலும் உடன்வரும். மாற்றியபின் செய்தால் ஒவ்வொரு முறையும் மீளத் தொடங்க வேண்டியிருக்கும்.