அந்த நாள்: பாட்டு இல்லை, சரி, வேறென்ன இருக்கு?

போன வாரம் திண்டுக்கல்லில் பெரியப்பா வீட்டில் லேப்டாப்பை வைத்து 'அந்த நாள்' பார்த்தோம். சின்ன வயசில் கொட்டகையில் பார்த்தவர் அவர். "பாட்டே வரலைன்னு பாதிப் பேர் எந்திரிச்சுப் போயிட்டாங்கடா" என்றார். அவர் மட்டும் கடைசிவரை உட்கார்ந்திருந்தாராம். காசு கொடுத்தாச்சே!

1954 ஏப்ரலில் வந்த ஏவி.எம். படம். பாட்டு, நடனம், சண்டை எதுவும் கிடையாது. இயக்கிய எஸ். பாலசந்தருக்கு அப்போது வயசு 27. பின்னாளில் வீணை வித்வானாக உலகம் சுற்றியவர் அவரேதான். சங்கீதக்காரர் ஒருத்தர்தான் பாட்டில்லாத படம் எடுத்திருக்கிறார் என்பதை எத்தனை தரம் யோசித்தாலும் சிரிப்பு வருகிறது.

முன்பு ஒரு குறிப்பில் இதைத் 'தமிழின் ராஷோமோன்' என்று எழுதியிருந்தேன். எல்லாரும் சொல்வதை நானும் சொன்னேன், அவ்வளவுதான். அது சரியில்லை. குரோசாவாவின் படத்தில் ஒரே சம்பவத்தை ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். எது நிஜம் என்று கடைசிவரை தெரியாது. இங்கே ரேடியோ இன்ஜினியர் ராஜன் (சிவாஜி) சுடப்பட்டுக் கிடக்கிறான். தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், அவனோடு தொடர்பிருந்த அம்புஜம் என்று ஒவ்வொருவரும் அவனுடைய ஒரு பக்கத்தைச் சொல்லி இன்னொருவரைக் கைகாட்டுகிறார்கள். 1950-ல் வந்த பிரிட்டிஷ் படம் 'தி வுமன் இன் கொஸ்டின்' இதற்கு இன்னும் நெருக்கம். எங்க ஊர்ப் பாஷையில் சொன்னால், ராஷோமோன் சாவியே இல்லாத பூட்டு. இதற்குச் சாவி உண்டு. சி.ஐ.டி. சிவானந்தமாக வரும் ஜாவர் சீதாராமன்தான் எழுத்தாளரும். கடைசியில் திறந்தே காட்டிவிடுகிறார்.

மாருதி ராவின் கேமராவில் வரும் நிழல்களும், படத்தை ஒரு பிணத்தோடு தொடங்குவதும் அமெரிக்க நுவார் படங்களின் வழி. ஆனால் 'டபுள் இன்டெம்னிட்டி' போன்றவற்றில் ஆணைப் படுகுழிக்கு இழுத்துப்போவது பெண். இங்கே தலைகீழ். ராஜன் தானாகவே விழுகிறான். மனசாட்சியாக நிற்பது மனைவி உஷா. பண்டரிபாய் அதிகம் பேசாத இடங்களில் பிரமாதம். தேசத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் உஷா காணாமல் போய், மேடை வந்துவிடுகிறது. 'பராசக்தி' வந்து இரண்டே வருஷத்தில் ஒரு துரோகியாக நடிக்க சிவாஜி ஒத்துக்கொண்டது பெரிய விஷயம். (முந்தின வருஷமே 'திரும்பிப் பார்'-ல் கெட்டவன்தான், ஆனால் இவ்வளவு அடக்கம் இல்லை.)

எனக்கு உறுத்தியது கதை நடக்கும் மாசம். 1943 அக்டோபர், சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த சமயம். கண்டுபிடிப்புக்கு ஆதரவு கிடைக்காத கசப்பில் ராஜன் ஜப்பானுக்கு ரகசியம் விற்கிறான். அதே அக்டோபர் 21-ம் தேதி சிங்கப்பூரில், ஜப்பான் ஆதரவோடு, நேதாஜி சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். மலேயா தோட்டத் தமிழர்கள் எத்தனையோ பேர் அவர் படையில் சேர்ந்தார்கள்.

படம் முடிந்ததும் பெரியப்பா கேட்டார்: "எங்க சித்தப்பா ஒருத்தர் மலேயாவுல ஐ.என்.ஏ.ல இருந்தாரு. ஜப்பான்காரன் கூடத்தான் நின்னாரு. அவரும் துரோகியாடா?"

"இவன் காசுக்கு வித்தான் பெரியப்பா, அவரு அப்படியா?" என்றேன். சொல்லும்போதே அது படம் எனக்குச் சொல்லிக்கொடுத்த பதில் என்று தெரிந்தது. ராஜனுக்குப் பண ஆசையும் வேண்டும், அம்புஜமும் வேண்டும். இல்லையென்றால் அவனை வெறுப்பது கஷ்டம். அவன் காட்டிக்கொடுத்த சர்க்கார் வெள்ளைக்காரன் சர்க்கார். 1954-ல் நின்று பார்த்தால் 'நாடு' என்ற ஒரே சொல்லில் அது மறைந்துவிடுகிறது. இத்தனை பேருடைய சந்தேகத்தைப் பொறுமையாகக் கேட்ட படம், இந்தச் சந்தேகத்துக்கு மட்டும் இடம் கொடுக்கவில்லை. அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் இருட்டை விட்டுவைத்திருக்கலாம்.

அதற்காகப் படத்தைக் கைவிட மனசு வரவில்லை. அன்றைக்கே கடைசி அரை மணி நேரத்தை இன்னொரு தரம் ஓட விட்டோம். அடுத்த தடவை வரும்போது பாலசந்தரின் 'பொம்மை'யைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் பெரியப்பா. அதில் பாட்டு உண்டு.