சொல்லாக்கமும் நிலைபேறும்

நாகப்பட்டினத்தில் 1876-ஆம் ஆண்டு தோன்றிய வேதாசலனார், 1916-ஆம் ஆண்டில் தம் பெயரை மறைமலை எனத் தமிழாக்கிக்கொண்டமை சைவவுலகம் நன்கறிந்தது. வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று. இன்று வழங்குவதும் அப்பெயரே. அவர்தம் ‘ஞானசாகரம்’ என்னும் இதழும் ‘அறிவுக்கடல்’ ஆயிற்று. அதுகொண்டு ஞானம் என்னுஞ் சொல் சைவர் நாவினின்று அகன்றதோவெனின், அகன்றிலது. சரியை, கிரியை, யோகம் என எண்ணி, நான்காவதை அறிவு என்பாரை யாம் கேட்டிலேம்.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் என்னை? விவாகம் திருமணமாகவும், அக்கிராசனர் தலைவராகவும் மாறியவிடத்துப் பொருள் குறைந்திலது. புகுந்த சொற்களும் மக்கள் நாவிற் பயின்றனவே. சாத்திரக் குறியீடோ ஒரு கொள்கையையே தன்னுள் அடக்கி நிற்பது. பசு என்னுஞ் சொல் பாசத்தாற் கட்டுண்டமையை உடன்றரும்; உயிர் என்னுஞ் சொல் தானே அதனைத் தாராது. அறிவு உயிரின் பொதுவியல்பு; ஞானமோ வீடுபயக்கும் நெறி.

இவ்வருமையை உமாபதி சிவனார் நன்குணர்ந்தார். திருவருட்பயனில் ‘உயிரவை நிலை’ என்று தமிழ்ப்பெயரிட்ட அவரே, முதலதிகாரத்தைப் ‘பதிமுது நிலை’ என்றார். மூன்றாவதில் மலத்தை நீக்காது, இருளை அதனோடு புணர்த்து ‘இருண்மல நிலை’ என்றார். விளக்குஞ் சொல் துணையாய் நின்றது, குறியீடும் கெட்டிலது.

அடிகளாரின் தமிழ்ப்பற்றைக் குறைகூறுதல் எம் கருத்தன்று. அவர் ஆக்கத்தில் நிலைத்தனவும் நிலையாதனவும் நமக்கு ஒருங்கே பாடமாம். ஆதலின், புதுச்சொல் ஆக்கப் புகுவோர் பழஞ்சொல் சுமந்த பொருட்பாரம் முழுவதையும் அது தாங்குமோவென முன்னர் ஆராய்வாராக. தாங்குவதனை உலகம் ஏற்கும்; தாங்காதது ஏட்டளவில் நின்றொழியும்.